22ஆம் எண் கதவு

வங்கியில் இருந்த 34 வருடங்களில் பாதிக்கு மேல் ஸ்ட்ராங் ரூம் சாவியைக் காத்தவன் நான். இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவிகள். ஒருவர் வராவிட்டால் அறை திறக்காது. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரு கதவை மூன்று வாரம் திறந்து போட்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பின் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றை வாங்கினேன். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, அப்பாவின் கடிதங்கள், எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். வெளியூரிலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ போட்டு 22ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டு? மனைவியின் பெயரும் 123ம்.

கணினிக்கு முகவரி ஒன்றுதான். ஆனால் அதில் 65,535 வரை எண் போட்ட கதவுகள் உண்டு. அவைதான் போர்ட்டுகள். 443 இணையதளங்களுக்கு, 22 தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளையிட. கதவுக்குப் பின்னால் பதில் சொல்ல ஒரு மென்பொருள் காத்திருந்தால் அது திறந்த போர்ட்.

தீபாவளிக்கு வந்த மகன் கணினியின் லாக் கோப்பைக் காட்டினான். ரூட் என்ற பெயரில் யாரோ நுழையப் பார்த்து, பாஸ்வேர்டு தவறிப்போன வரிகள். ஒரே இரவில் 2,000க்கு மேல்!

“யாருடா இவங்க? என்கிட்ட திருட என்ன இருக்கு?”

“உங்களை அவங்களுக்குத் தெரியவே தெரியாதுப்பா. இருக்கிற எல்லா முகவரியையும் மெஷின் வரிசையா தட்டிப் பார்க்குது. திறந்துட்டா, உங்க கணினியை வெச்சே அடுத்த வீட்டைத் தட்டும். இல்ல, உங்க படங்களைப் பூட்டி வெச்சுக்கிட்டுப் பணம் கேட்கும்.”

வயிற்றைக் கலக்கியது. வெற்றிகரமாக நுழைந்த வரிகளை மட்டும் தேடினோம். 11 இருந்தன. பழைய நாளேட்டை டேலி செய்வதுபோல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாமே நான் நுழைந்தவை. அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் கெட்டிக்காரத் திருடன் லாக்கையும் அழிக்கலாம் என்று, மென்பொருள் முழுவதையும் புதிதாகவே நிறுவினான்.

“எண்ணை 2222னு மாத்தினா போதாதா?” என்றேன்.

“வாசலைக் கொல்லைப் பக்கம் மாத்தினா திருடன் வரமாட்டானா?”

ஃபார்வர்டிங்கை நீக்கி, வயர்கார்ட் என்ற விபிஎன் அமைத்தான். சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. ஆள் இல்லாத வீடு போலவே இருக்கும். ரவுட்டரில் யுபிஎன்பி வசதியையும் நிறுத்தினான். நம்மைக் கேட்காமலே சாதனங்களுக்குக் கதவு திறந்துவிடுமாம் அது. படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து பீரோவில் வைத்தோம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: “அப்போ மூணு வாரமா ஊர் உலகமே என் பேரைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சா?”

நண்பர்களே, இன்று உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எதற்கென்று உங்களுக்கே தெரியாத வரி அங்கே இருந்தால், முதலில் அதை மூடுங்கள்.