தூக்கணாங்குருவியின் எல்லையும் வீடும்



தூக்கணாங்குருவியின் எல்லை மிகப் பெரிது. பாகிஸ்தான் தொடங்கி, இந்தியாவைக் கடந்து, ஜாவாத் தீவு வரை அது வாழ்கிறது. ஆனால் மூன்று காரியங்கள் ஓரிடத்தில் கூடிவந்தால்தான் அது கூடு கட்டும். கூட்டைத் தாங்கப் பனையோலையோ முள்மரக் கிளையோ வேண்டும். அது நீரின்மேல் சாய்ந்திருந்தால் பாம்பு முதலியவை எளிதில் அணுகா. கிழித்துப் பின்னுவதற்கு நீண்ட நெற்தாளோ புல்லோ வேண்டும். ஆகையால் மழை பெய்து புல் வளரும்வரை அது காத்திருக்கும். உண்ணத் தானியமும், குஞ்சுகளுக்குப் பூச்சியும் வேண்டும்.

கூட்டைக் கட்டுவது ஆண்குருவி. ஏறக்குறைய 18 நாள் உழைப்பு அது. பாதிக் கூடு தலைக்கவசம்போல் தொங்கும்போது பெண்குருவி வந்து சோதிக்கும்; அதற்குப் பிடித்தால்தான் மீதி கட்டி முடிக்கப்படும். 1930ஆம் ஆண்டு மும்பைக்கு அருகே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் சாலிம் அலி பொறுமையோடு கவனித்து இவற்றை ஆராய்ந்தார்.

ஏரி, நெல்வயல், பனை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்த பூமி நம்முடையது. இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகள் நம் சபைக் குடும்பங்கள் பலவற்றைப் போஷிக்கின்றன. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். பறவை நூலின் வரைபடத்தில் சேரப்பணஞ்சேரி இனியும் தூக்கணாங்குருவியின் எல்லைக்குள்தான் இருக்கும். ஏரிக்கரைப் பனைகள் விழுந்துவிட்டால், எல்லை இருக்கும், வீடு இராது.

உபாகமம் 22ஆம் அதிகாரம் 6, 7 வசனங்களை வாசித்துப் பாருங்கள். வழியில் பறவைக் கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயை விட்டுவிட வேண்டும். பெற்றோரைக் கனம்பண்ணுவோருக்கு அருளப்பட்ட நன்மையும் நீடித்த நாட்களுமே இந்தச் சிறிய கட்டளைக்கும் வாக்குத்தத்தமாக இணைக்கப்பட்டுள்ளன. எடுத்துக்கொள்வதைத் தேவன் தடுக்கவில்லை. மறுபடியும் குஞ்சுகள் உண்டாவதற்கான வழியை அடைப்பதையே தடுக்கிறார்.

ஆகையால், கரையோரத்தில் நிலமுள்ளவர்களே, வீடு கட்டும்போதும் மனை பிரிக்கும்போதும் கூடு தொங்கும் மரத்தை விட்டுவையுங்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று தமிழக அரசும் 2021இல் அறிவித்திருக்கிறது. பிள்ளைகளின் விளையாட்டுக்காகக் கூட்டை அறுத்துக் கொடாதிருங்கள். அது பாதியில் நிற்கும் கூடாயிருந்தாலும், இன்னும் ஒரு பெண்குருவி வந்து பார்க்கக்கூடும்.

நம்மை இந்தப் பூமியில் குடியிருக்கப்பண்ணின தேவன், நம்மோடு குடியிருப்பவற்றை நினைக்கும் இருதயத்தை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.