படுத்தால் தீராத அசதி

நம் வீடுகளில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என்ன செய்கிறோம்? பாயை விரித்து, "அசையாமல் படுத்துக்கொள்" என்கிறோம். ஜலதோஷத்துக்கும் ஜுரத்துக்கும் அது சரிதான். ஆனால் படுக்கப் படுக்க வளர்கிற அசதி ஒன்று இருக்கிறது, சகோதரிகளே! அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் சொந்த ஊர் பாவூர்சத்திரம். தென்காசிக்குக் கிழக்கே, காய்கறிச் சந்தைக்குப் பெயர்போன ஊர். என் சித்தி அங்கே பீடி சுற்றுகிறவள். பகலெல்லாம் சொளகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாலும், பொழுது சாய்ந்தால் சந்தைக்கு விறுவிறுவென்று நடந்து போய் வருவாள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டியதாயிற்று.

இந்த நோய்க்கு மருந்தே இல்லாத காலம் உண்டு. 1948-இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் சில குழந்தைகளுக்கு இதை மருந்தால் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்! இன்று மருந்துகள் பல வந்துவிட்டன. அவற்றின் கடுமையைத் தாங்க உடம்பிலும் மனத்திலும் தெம்பு வேண்டுமல்லவா?

இரண்டாவது வாரத்தில் சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். மகன் டெலிபோனில் கூப்பிட்டாலும் பேசவில்லை. அப்போதுதான் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் வந்து, "எழுந்து நாலடி நடக்கலாமா, அம்மா?" என்றாள். என் ஆச்சிக்கு வந்ததே கோபம்!

"மேலுக்கு முடியாதவள ஏன் தாயி இந்தப் பாடு படுத்துத? பிள்ள கெடக்கட்டும்!"

அந்தப் பெண் நிதானமாக விளக்கினாள். ரத்தத்தில் சிவப்பணு குறைவதால் வரும் அசதி ஒரு பங்கு. மருந்தின் கடுமை இன்னொரு பங்கு. கட்டிலிலேயே கிடப்பதால் தசை வற்றி வருவது மூன்றாவது. முதல் இரண்டும் டாக்டர்கள் பாடு. மூன்றாவதில் நோயாளிக்கும் வேலை உண்டு என்றாள்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து டாக்டர்கள், ஆஸ்பத்திரியில் கடுமையான மருந்துச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினரைப் படுக்கையில் இருந்தபடியே தினமும் அரை மணி பெடல் மிதிக்கச் செய்தார்கள். மிதிக்காதவர்களுக்கு அசதி ஏறிற்று. மிதித்தவர்களுக்கு ஏறவில்லை, மனக்கலக்கமும் குறைந்தது என்று 1999-இல் எழுதினார்கள். ரத்தப் புற்றுநோய்களில் நடந்த பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு (2019), அசதியும் மனச்சோர்வும் ஓரளவு குறையும் என்கிறது. பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்று அது சொல்லவில்லை.

ஜாக்கிரதையும் வேண்டும். காய்ச்சல் அடித்தாலோ, தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பயிற்சி கூடாது. அன்றன்றைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் அனுமதிக்க வேண்டும். வழுக்காத செருப்பும் பக்கத்தில் ஓர் ஆளும் அவசியம்.

சித்தி முதல் நாள் ஜன்னல் வரை நடந்தாள். அடுத்த வாரம் வராந்தாவில் ஒரு நடை. சில நாள் கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. படுத்தபடியே கணுக்காலை அசைத்ததோடு சரி. ஒருநாள் மாலை அவளே டெலிபோனை எடுத்து, "ஏலே, இன்னைக்கு மூணு தடவ போய்ட்டு வந்தேன்" என்றாள் மகனிடம். எங்கே போய் வந்தாளாம்? வராந்தாவின் கோடிக்கு! ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் கட்டச் சிகிச்சை முடிந்து சித்தி ஊர் திரும்பிவிட்டாள். இன்னும் பல மாதங்கள் சென்னைக்குப் போய் வர வேண்டும். நடையை மட்டும் விடவில்லை.

உங்களுக்கு வேண்டியவர் யாராவது இப்படிப் படுத்திருக்கிறாரா? பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே டாக்டரிடம், "இன்று இவர் எவ்வளவு நடக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சரி என்றால், கையைப் பிடித்து நீங்களும் கூட நடந்து வாருங்கள்.