பூசலாரும் பொத்தானும்

திருநின்றவூரில் என் தங்கை குடியிருக்கிறாள். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடியைத் தாண்டிச் சற்று நேரத்தில் ஊர் வந்துவிடும். அங்கே போக எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தங்கையின் காபி. மற்றொன்று, பூசலார் நாயனார். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்தவர் அவர். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அவரைவிடப் பொருத்தமான நாயனார் யார்?

சென்ற முறை போனபோது கூடத்தில் காலை வைக்க இடமில்லை. டிப்ளமா படிக்கும் மூத்த மருமான், வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றைப் பிரித்துப் பரப்பியிருந்தான்.

"படிக்கிற பிள்ளைக்கு இதென்னடா வேலை?" என்றேன்.

"தம்பிக்கு, மாமா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சின்னவனுக்குப் பிறவியிலேயே வலக்கைப் பெருவிரலில் பலம் கிடையாது. மாலையில் அண்ணன் ஆட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பார்ப்பதே தனக்குப் பிடிக்கும் என்று எங்களிடமெல்லாம் சொல்வான்.

"இப்படிப்பட்டவர்களுக்கென்றே மைக்ரோசாப்ட் கம்பெனி 2018-ல் ஒரு கருவி கொண்டுவந்ததே?" என்று என் உலக ஞானத்தைக் காட்டினேன்.

"விலையை விடுங்கள், மாமா. அது பல கைகளுக்குப் பொதுவாகச் செய்தது. எனக்கு வேண்டியது இவன் கைக்கு மட்டும்."

அவன் யோசனை இதுதான். உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சை அமுக்க 160 கிராம் பாரம் வேண்டும். அது இறங்குவதோ கால் மில்லிமீட்டர். புதுப் பெட்டிக்குள் ஒரு நெம்புகோல் வைத்தான். ஒரு முனையில் சுழலச்சு. அதிலிருந்து 10 மில்லிமீட்டரில் ஸ்விட்ச். 30 மில்லிமீட்டரில் பெரிய பொத்தான். பாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பதிலுக்குப் பொத்தான் மும்மடங்கு தூரம் இறங்க வேண்டும். கிணற்று ஏற்றத்தில் நம் பாட்டன்மார் கண்ட கணக்குத்தான். உள்ளங்கை விளிம்பால் தட்டினாலே போதும்.

காகிதத்தில் எல்லாம் கச்சிதம். பெட்டியை மூடித் தம்பியிடம் கொடுத்தான். அவன் நாலு தடவை தட்டிவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா" என்று மெல்லக் கீழே வைத்தான். அந்தக் குரலைக் கேட்டதும் பெரியவன் முகம் வாடிவிட்டது.

கோளாறு அச்சில் இருந்தது. அச்சு, சைக்கிள் போக்ஸ் கம்பி. கனம் 2 மில்லிமீட்டர். துளையோ 2.2. பொத்தானை அமுக்கியதும் முதலில் அச்சுப் பக்கம் அந்த 0.2 மில்லிமீட்டர் எழும்பும். அதற்குள் பொத்தான் 0.4 மில்லிமீட்டர் வீணாக இறங்கிவிடும். அதன் பிறகே ஸ்விட்ச் அசையும். பலமுள்ள விரலுக்கு அது தெரியாது. சின்னவன் கைக்கு அதுவே பெரும் பள்ளம்.

பூசலார் கட்டிய கோயிலில் கல்லுக்கும் கல்லுக்கும் இடுக்கு இருந்திருக்காது. மனத்தில் கட்டுவதில் அது ஒரு சௌகரியம். என் நாவல்களும் எழுதுவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கின்றன. காகிதத்தில் இறங்கியதும் லொடலொடவென்று ஆடுகின்றன.

இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தது. காலையில் என் பால்பாயிண்ட் பேனாவைக் காணோம். அதன் வில்லைப் பாதியாக நறுக்கி, அச்சின் பக்கத்தில் அடியிலிருந்து மேலே தள்ளும்படி வைத்திருந்தான். அந்த 0.2 மில்லிமீட்டர், கை படுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. துளை அப்படியே இருக்கிறது, ஆட்டம் இல்லை.

சின்னவன் தட்டினான். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. கீழே வைக்கவும் இல்லை.

அன்று பிற்பகல் என்னை ஆட்டத்துக்கு இழுத்தான். மூன்று முறை தோற்றேன். "மாமா, உங்கள் கைக்கும் அண்ணாவிடம் ஒரு பெட்டி செய்யச் சொல்லட்டுமா?" என்றான்.

பேனாவை நான் திருப்பிக் கேட்கவில்லை.