மழையை எண்ணும் பெட்டி

பெரகல சந்தியில் ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறும். இன்னொன்று கொஸ்லந்தைப் பக்கம் போகும். அந்தப் பக்கம்தான் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை அங்கே மழையால் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் எந்த ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று காம்பராவுக்குள் படுத்திருப்பவருக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் மழைமானி செய்யப் பழகினேன்.

புனலுக்குக் கீழே ஏற்றப்பலகை போல இரண்டு சின்னக் குழிகள். ஒன்று நிறைந்தால் சாயும். சாயும்போது அதில் ஒட்டிய காந்தம், காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும் ரீட் சுவிட்சைக் கடக்கும். ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை அதை ஒன்று என்று எண்ணும். புனலின் விட்டம் 16 சென்ரிமீற்றர், ஒரு சாய்வுக்கு 4 மில்லிலீற்றர் என்றால் அது 0.2 மில்லிமீற்றர் மழை. சுவிட்சின் ஒரு வயர் ஆர்டுயினோவின் 2ஆம் பின்னுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. மழை அளவைக் காட்டும் திரைக்கு ஏ4, ஏ5 பின்கள். வெளிச்சம் வந்தும் எழுத்து வராவிட்டால் பதற வேண்டாம், திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகை மெதுவாகத் திருப்புங்கள்.

நான் முதலில் பூட்டிய பெட்டி, சாதாரண மழைக்கே 160 மில்லிமீற்றர் காட்டி, ஆபத்து என்று சைரன் அடித்தது. பக்கத்துக் காம்பரா அக்கா பிள்ளைகளை எழுப்பி, நனைந்துகொண்டே கோயில் வரை போய் நின்றார். விடிந்ததும் முற்றத்தில் கிடந்த பால்மாப் பேணிக்குள் அடிமட்டத்தை விட்டுப் பார்த்தேன்: 38 மில்லிமீற்றர். ரீட் சுவிட்ச் ஒட்டும்போது துள்ளும். ஒரு சாய்வை நாலாக எண்ணியிருக்கிறது. இஸ்தோப்பு வரை இழுத்த நீள வயரும் சேர்ந்து கெடுத்திருக்கிறது.

"தம்பி, அடுத்த தடவை கத்துனா நம்பலாமா?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபரட் கெபாசிட்டரும் போட்டேன். ஒரு சாய்வு முடிந்து 200 மில்லி செக்கனுக்குள் வருவதை எண்ணாதே என்று நிரலிலும் எழுதினேன். பிறகு சேலைன் போத்தலில் 500 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பி, புனலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன். 124 அல்லது 125 சாய்வு வர வேண்டும். மூன்று தடவையும் அப்படியே வந்த பிறகுதான் மறுபடி சுவரில் மாட்டினேன். இந்தச் சோதனை செய்யாத பெட்டியை யார் வீட்டிலும் மாட்டக்கூடாது.

திரையில் "மழை" என்று தமிழில் எழுத ஆசைப்பட்டேன். ஓர் எழுத்துக்கு அகலம் 5 புள்ளி, உயரம் 8 புள்ளி. அதற்குள் ழ அடங்கவில்லை. திரையில் எண் மட்டும் வரட்டும் என்று விட்டு, கூடவே விளக்குகள் வைத்தேன். மழை அளவுகள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்பவைதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் சிவப்பு, 150 என்றால் சைரன். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் சைரன்தான்.

சைரன் கேட்டால் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.