முடுக்கைப் பார்க்கும் கண்



ஆண்கள் வளைகுடா நாடுகளில் பொருளீட்ட, வயதான உம்மாவும் பெண்மக்களும் மட்டும் வாழும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். அவ்வீடுகளின் வாசல்களில் இன்று கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகி வருகின்றன. ‘கேட் திறந்து கிடக்கிறதே உம்மா’ என்று துபாயிலிருந்தே மகன் சொல்லும் காலம் இது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் உங்கள் சுவரில் மாட்டிய அந்தக் கண் எதையெல்லாம் பார்க்கிறது என்று கவனித்தீர்களா?

காயல்பட்டினத்தில் முடுக்குகள் உண்டு. பெண்கள் தெருவுக்கு வராமலே உற்றார் இல்லம் சென்று வர, வீடுகளுக்கிடையே முன்னோர் விட்டுவைத்த ஒடுங்கிய சந்துகள் அவை. கொல்லைச் சுவரில் கேமரா ஒன்றை மாட்டிவிட்டால், முடுக்கு முழுவதும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண் தலைத்துணி சரிய, இடுப்பில் குழந்தையும் கையில் குழம்புச் சட்டியுமாக வருவதைக் கடல் கடந்து, அறை நண்பர்கள் சூழ இருக்கும் ஒருவர் காண நேர்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அப்பெண்ணிடம் அனுமதி கேட்டவர் யார்? அனுமதி கோரும் ஒழுங்கு விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

படம் உங்கள் கைபேசியோடு நிற்பதுமில்லை. பல கேமராக்கள் அதனைத் தயாரிப்பாளரின் கணினிகளுக்கு அனுப்பிச் சேமிக்கின்றன. அமெரிக்காவின் ரிங் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர்களான பெண்களின் வீட்டுப் படங்களைப் பார்த்தார் என்று 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

ஆகவே, வாங்குவோர் நினைவுக் கார்டில் பதிவு செய்யும் வகையைத் தேர்ந்து கொள்வது நலம். இணையம் அறுந்த நேரத்திலும் அது பதியும்; மின்சாரமே போய்விட்டால், மின்கலம் உள்ளவை மட்டுமே விழித்திருக்கும். (கம்பியில்லாதது என்று கடைக்காரர் சொன்னாலும் பலவற்றுக்கு மின்சாரக் கம்பி வேண்டும், பெயரை நம்பிவிடாதீர்கள்!) பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றிவிடுங்கள். எட்டு, ஒன்பது அடி உயரத்தில், உங்கள் வாசற்படியை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். அந்த உயரத்தில் முகமும் தெரியும். கைக்கும் எளிதில் எட்டாது. படத்தில் பிறர் வீட்டுப் பகுதியை மட்டும் மறைத்துவிடும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது, வாங்கும்போதே கேளுங்கள். ஒலிப்பதிவையும் நிறுத்திவிடுங்கள். திண்ணைப் பேச்சு திருடனைப் பிடிக்க உதவாது.

மாட்டி முடித்ததும், அண்டை வீட்டுப் பெண்களை அழைத்து, கேமராவில் தெரிவதைக் கைபேசியில் காட்டுங்கள். ‘எங்கள் கொல்லை தெரிகிறதே’ என்று அவர்கள் சொன்னால், ஒரு திருகாணியைத் தளர்த்திச் சற்றே திருப்பிவிடலாம்.