பீங்கான் ஊரிலிருந்து ரிச்சி தெருவுக்கு... குறைந்த செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்!

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பொருளைச் சோதித்து வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் கிண்ணத்தை விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். ‘கணீர்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல்.

நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று ஊரின் பெயர் சொல்லும் சரக்குகள் பல. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கத் தனிக் கல்வி நிலையமே இங்கு இருக்கிறது.

தங்கத்தையே உரசிப் பார்த்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். போடும் முன்பே ஒரு துண்டை ‘மச்சம்’ வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாராம். குளத்தில் எடுத்த பொன் அதே மாற்று இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கத்தான்! கடவுள் கொடுத்ததற்கே சாம்பிள் என்றால், கடைக்காரர் கொடுப்பதற்கு வேண்டாமா?

வீட்டில் பிளஸ் டூ முடித்த பையனோ பெண்ணோ, “கேமிங் பிசி வேணும்ப்பா” என்று கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பயணம் உங்களுக்குத்தான்.

தறிப்பேட்டையில் ஒரு தெரு

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் எழும்பூர் மூன்று, நான்கு மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், ரயில் மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரத்தில் ரிச்சி தெரு. 1730-களில் நெசவாளர்களுக்காக உருவான சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய பகுதி இது. ‘சின்னத் தறிப்பேட்டை’தான் இப்படி மருவியது என்பார்கள். தறி ஓடிய பேட்டைக்குப் பக்கத்தில் பிறகு ரேடியோ பாகங்கள் வந்தன, அப்புறம் டி.வி., இப்போது கம்ப்யூட்டர். ரிச்சி தெரு என்று பெயர் ஒன்றுதான்; கடைகள் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பரவிக் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் காலை பத்தரைக்கு மேல் போனால், “என்ன தம்பி வேணும்? ரேமா, போர்டா?” என்ற குரல்கள் இரண்டு பக்கமும் வரவேற்கும். முதல் கடையிலேயே பணத்தை எடுக்க வேண்டாம். மூன்று கடைகளில் கொட்டேஷன் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்தபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதற்கு எவ்வளவு?

முதலில் பிள்ளை என்ன விளையாடப் போகிறது என்று கேளுங்கள். வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போன்றவைதான் என்றால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்கலாம். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. கையில் காசு சேர்ந்ததும் கார்டைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

பெரிய விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால், பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். பிராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும். இன்டெல் ஐ3 12100எஃப் போல பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் கவனம். அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவுமே வராது!

ரேம் 16 ஜிபி வாங்குவதென்றால் ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியிலும் தகவல் போய்வருவதால், பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள மெஷினில் வேகம் நன்றாகவே கூடும். ரேம் விலை தங்கம் போல ஏறி இறங்கும் சரக்கு. போன மாதம் யாரோ சொன்ன விலையை நம்பிக் கிளம்பாமல், புறப்படும் அன்றைக்கு விசாரித்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். மெஷின் சட்டென்று திறக்கும்.

மின்னும் பெட்டி வேண்டாம்!

பிள்ளைகள் மயங்கும் இடம் வண்ண விளக்கு எரியும் கேபினட். பெற்றோர் கோட்டை விடும் இடம் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்காதீர்கள். அட்டையில் 500 வாட் என்று எழுதியிருக்கும். பாரம் ஏறும்போது அதைத் தாங்காமல் போகலாம். அது வெடித்தால் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ‘80 பிளஸ்’ முத்திரையோடு, பெயர் தெரிந்த கம்பெனியில் தனியாக வாங்குங்கள். அந்த முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனைத்தான் சொல்லும். அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்றும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு விலையில் ஆசை காட்டும். கிரிப்டோ நாணயம் தோண்ட இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எத்தேரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு சந்தைக்குக் குவியலாக வந்தன. எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் இங்கே தட்டிப் பார்த்தால் ‘கணீர்’ கேட்காது. கடையிலேயே மாட்டி, அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், “வர்றேண்ணே” என்று நடையைக் கட்டுங்கள்.

“பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்” என்ற பேச்சும் காதில் விழும். ஜிஎஸ்டி பில்தான் உங்கள் கையிலிருக்கும் மச்சம். பொருளின் சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று அங்கேயே ஒத்துப்பாருங்கள். விருத்தாசலத்திலிருந்து வாரண்டிக்காக மறுபடி வருவதென்றால் ரயில் செலவு, ஒரு நாள் கூலி இரண்டும் போகும். அதனால் சர்வீஸ் சென்டர் எங்கே, கூரியரில் அனுப்பலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும்போது...

கடையில் அசெம்பிள் செய்து ஓட்டிப் பார்த்ததும், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் டப்பாவிலேயே எடுத்து வாருங்கள். ரயில் குலுக்கலில் கனமான கார்டு போர்டின் ஸ்லாட்டையே உடைத்துவிடும்.

மாட்டிய போர்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மிளகைவிடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான கட்டிகள் ஒட்டியிருக்கும். அவை மின்சாரத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்கள், பீங்கானின் உறவுக்காரர்கள். செராமிக் தாள்களை அடுக்கடுக்காக வைத்து, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டவை. பீங்கான் ஊர்ப் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய காட்சி இது. விளையாட வாங்கிய மெஷினில் படிக்கவும் ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் லாபம்தானே!

வீட்டில் பிளக் மாட்டும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையையும் திறந்து பாருங்கள். எப்போதோ அவசரத்துக்கு யாராவது தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டுச் சரியான கம்பியைப் போடச் சொல்லுங்கள். அதற்குச் செலவு சில ரூபாய்தான்.