கூசாது கேட்டல்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும், வீட்டில் உரக்கப் பேசும் பலர், விலை பேசும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகின்றனர். தம் பொருளுக்கு இன்ன விலை என்று சொல்ல நாணி, "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று கூறிவிடுகின்றனர். பணிவு போலத் தோன்றும் இச்சொல், எத்தனையோ குடும்பங்களின் உழைப்பை வீணாக்கிவிடுகிறது.

திண்டுக்கல், பூட்டுக்குப் பெயர் பெற்ற நகரம். கையால் அராவிச் செய்யப்படும் இவ்வூர்ப் பூட்டுகள் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. ஆயினும், அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகள் மலிவாகக் கிடைப்பதால், இத்தொழில் செய்வோர் தொகை சுருங்கிவிட்டது. நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், என் வீட்டிற்கு அண்மையில் ஒரு பூட்டுத் தொழிலாளர் வாழ்ந்தார். அவர் செய்த மாங்காய்ப் பூட்டை வேறொரு சாவியால் திறத்தல் அரிது. ஆனால், வணிகர் வந்து விலை கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா, ஐயா?" என்பார். வணிகரும் தம் மனம்போல் கொடுத்துச் செல்வார்.

ஒருநாள் அவர்தம் மனைவியார் அவரை உட்கார வைத்துக் கணக்குப் பார்த்தார். இரும்புத் தகடு, பித்தளை, அரத்தின் தேய்மானம், இரண்டு நாட் கூலி ஆகியவற்றைக் கூட்டினார். வந்த தொகை, வணிகர் கொடுத்துவந்த விலையினும் மிகுதியாக இருந்தது. "பூட்டோடு பிள்ளைகளின் சோற்றையும் அல்லவா சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்!" என்றார் அவ்வம்மையார்.

அடுத்த முறை வணிகர் வந்தபோது தொழிலாளர் அக்கணக்கைச் சொல்லி, "இதன் விலை இவ்வளவு, ஐயா, இதற்குக் குறைந்தால் எனக்குக் கட்டாது" என்றார். குரல் சற்று நடுங்கிற்று. ஆயினும் சொல்லி முடித்தார். பத்துப் பூட்டுகள் வாங்க வந்த வணிகர் ஆறே எடுத்தார். ஆனால், ஆறுக்கும் கேட்ட விலையைத் தந்தார். பத்து விற்று நட்டம் அடைவதினும் ஆறு விற்று ஊதியம் பெறுவது நன்றன்றோ?

கேட்பது இரத்தல் ஆகாதோ என்று சிலர் ஐயுறலாம். இரத்தலின் இழிவை உணர்த்த 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். ஆனால், கைம்மாறு தர ஒன்றும் இன்றிக் கேட்பது இரத்தல். பொருளையோ உழைப்பையோ கொடுத்து, அதற்கு ஈடு கேட்பது வாணிகம். இரண்டும் வேறு வேறு.

இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் வ. உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பல்கள் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், 1906-ஆம் ஆண்டில், அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். நாட்டுக்கு உதவுங்கள் என்று பொதுப்படக் கூறி நின்றுவிடாமல், எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று வரையறுத்துக் கேட்டார். மக்கள் பங்குகளை வாங்கினர், கப்பல்களும் வந்தன. 1908-இல் ஆங்கில அரசு அவரைச் சிறையிட்டபின் அந்நிறுவனம் நலிந்தது. எனினும், அவர் கேட்ட முறை இன்றும் நமக்குப் பாடமாக நிற்கிறது.

மாணவர்களே! நாளை நீங்கள் கடை வைக்கலாம், விளைந்த காய்களைச் சந்தைக்குக் கொண்டு செல்லலாம், கூலி பேசலாம், வங்கியில் கடன் கேட்கலாம். முதலில் உங்கள் கணக்கை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். பின்பு அளவையும், விலையையும், நாளையும் தெளிவாகச் சொல்லுங்கள். இன்சொல்லால் கேளுங்கள். மறுப்பவரை வெறுக்காதீர்கள்; மறுக்கும் உரிமை அவருக்கும் உண்டு. நேராகக் கேட்பவனுக்கு நேரான விடை கிடைக்கும். அவ்விடை 'இல்லை' என்பதாயினும், பொழுது சாயுமுன் அவன் அடுத்த கடைக்குச் செல்லலாம்.